றப்பர் பூட்ஸ் போட்ட காதலிகள்

பெட்டியின் கைப்பிடி இராஜேஸ்வரியின் கையில் இருந்தது. சில்லுப் பக்கம் ஜெயந்தனின் கையில். இரண்டு பேருமே விடுகிறதாக இல்லை.

"விடு தம்பி. நான் போறதெண்டால் போறதுதான்."

"போங்கோ அன்ரி, ஆர் மறிச்சது? பெட்டியை மட்டும் விட்டிட்டுப் போங்கோ."

ரொறன்ரோவின் மில்லிக்கனில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெரு. நவம்பர் மாதத்துக் காற்று காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. கராஜ் வாசலில் நடந்த இழுபறியைப் பார்க்க எதிர்வீட்டுத் திரைச்சீலை ஒன்று மெல்ல விலகியது.

"இராஜேஸ்வரி அக்கா, அந்தப் பெட்டியை விடுங்கோ. தம்பிக்கு ஏற்கெனவே முதுகு நோ. பிறகு அவனையும் நான்தான் தூக்கவேணும்."

சொன்னபடியே காரிலிருந்து இறங்கினார், இராஜேஸ்வரி துப்பறியக் கூப்பிட்டிருந்த பேர்ணடெற். டோர்செட் பார்க்கில் வீடியோ கசற் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் கந்தோர் நடத்தும் பெண்மணி. அதற்கு முன் அகதி விசாரணைகளில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பொய்யை இரண்டு மொழிகளில் கேட்டுப் பழகிய காது அவருக்கு. ஜெயந்தன் அவருடைய உதவியாளன், சாரதி, தேநீர் வாங்குபவன், வாய்.

இராஜேஸ்வரி கைப்பிடியை விட்டார். பெட்டியோடு ஜெயந்தன் பின்னால் போய்ப் புல்லில் குந்தினான்.

"மகள் மயூரி ஐஞ்சு மணிக்கு வருவாள், பிறம்ரனிலை தன்ரை வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக," என்றார் இராஜேஸ்வரி. குரல் உடையவில்லை. உடைந்து முடித்த பிறகு வரும் குரல் அது. "இருபத்தாறு வருஷக் கலியாணம், பேர்ணடெற். இண்டையோட சரி. மனுசனுக்கு ஜப்பானிலை ஆள் இருக்கு."

"அப்ப ஐஞ்சு மணி வரைக்கும் நீங்கள் கலியாணம் கட்டின ஆள்தானே. உள்ளுக்கு வாங்கோ. தேத்தண்ணிக்குக் கேற்றிலைப் போடுங்கோ."

சாப்பாட்டு மேசையில், கணவர் இந்த வருஷம் ஜப்பானில் எடுத்த படங்கள் பரவின. இராஜேஸ்வரி விரல் மடக்கித் தன் வழக்கைச் சொன்னார்.

கணவர் குலசிங்கம் கார்ப் பாகங்கள் செய்யும் கொம்பனி ஒன்றில் மேற்பார்வையாளர். மூன்று வருடத்துக்கு முன் கொம்பனி அவரைப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பியது. அன்று பிடித்த பித்து. அதன் பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் லீவு எடுத்துக்கொண்டு, சொந்தச் செலவில், தனியாக ஓடிவிடுகிறார்.

"ரோக்கியோவுக்குப் போறாரோ? இல்லை. கியோற்றோவுக்குப் போறாரோ? இல்லை. வரைபடத்திலை கண்ணாடி போட்டுத் தேடவேண்டிய ஊருகள். நோத்தோவாம். ஷிமானேயாம். மக்குராசாக்கியாம், தண்டவாளம் அங்கை முடிஞ்சு போகுதாம். வெள்ளைக்காரன்கூட எட்டிப் பாக்காத இடம். ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்லாதவன் அங்கை ஏன் போறான்?"

"நானும் வரட்டோ எண்டு கேட்டனீங்களோ?"

"கேட்டன். குளிர், நுளம்பு, நிலநடுக்கம், உனக்கு ஒத்துவராது எண்டார். ஒரே மூச்சிலை மூண்டும் சொன்னார்."

"அங்கிள் முன்னாயத்தம் செய்துதான் வந்திருக்கிறார்," என்றான் ஜெயந்தன்.

"ரெண்டாவது," இராஜேஸ்வரி அடுத்த விரலை மடக்கினார். "அவர் சுத்த சைவம். முட்டை போட்ட கேக் கூடத் தொடமாட்டார். அந்த நாட்டிலை, அந்தக் காட்டூருகளிலை, ஒரு சைவக்காரனுக்கு என்ன கிடைக்கும்? மெலிஞ்செல்லோ வரவேணும்? காற்சட்டை பூட்டேலாமல் வாறார். ஆரோ ஒருத்தி ஆக்கிப் போடுறாள்."

பேர்ணடெற்றின் பேனா நின்றது. "இது நல்ல கேள்வி அக்கா."

"மூண்டாவது, கார். வந்த நாளிலை இருந்து நாலு கண்ணாடியும் திறந்துவிட்டுத்தான் ஓடுறார், இந்தக் குளிருக்கை. கண்ணாடிக்கு முன்னாலை வாசனை மட்டை ஒண்டில்லை, ஒரு கொத்துத் தூங்குது. ஆரின்ரை வாசத்தை மறைக்கிறார்?"

"ஜப்பானிலை இருக்கிறவவின்ரை வாசம் ஸ்காபரோவிலை ஓடுற காருக்குள்ள வராது அன்ரி. அவ்வளவு நல்ல சென்ற் இன்னும் கண்டுபிடிக்கேல்லை."

இராஜேஸ்வரி அவனைப் பார்த்த பார்வையில் தேநீர் ஆறியது. நாலாவது விரலை மடக்காமல் படங்களை முன்னே தள்ளினார்.

"இது போதுமோ?"

ஜெயந்தன் எட்டிப் பார்த்தான். ஒரு துறைமுகம். பல் தெரியச் சிரிக்கும் குலசிங்கம். பக்கத்தில் தலையில் துணி கட்டிய ஒரு ஜப்பானியப் பெண்மணி. அடுத்த படத்தில் வேறு ஊர், வேறு பெண்மணி, அதே சிரிப்பு. அதற்கடுத்ததில் இன்னொரு ஊர், இன்னொருத்தி.

"ஊருக்கு ஒண்டோ?" ஜெயந்தனின் குரலில் மரியாதை தெரிந்தது. "எனக்கு இந்த நாட்டிலை ஒண்டுக்கே வழியில்லை."

"பொம்பிளையள் நிக்கிற எல்லாப் படத்திலயும் வலக்கையைப் பின்னாலை ஒளிச்சிருக்கிறார், பாருங்கோ. கலியாண மோதிரம் போட்ட கை."

பேர்ணடெற் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி நீண்ட நேரம் பார்த்தார்.

"இராஜேஸ்வரி அக்கா, நீங்கள் முகத்தைப் பாத்தியள். கையைப் பாத்தியள். காலைப் பாக்கேல்லை."

"கால்?"

"இந்த மூண்டு பேரும் முழங்கால் வரைக்கும் றப்பர் பூட்ஸ் போட்டிருக்கினம். உடுப்புக்கு மேலை பிளாஸ்ரிக் ஏப்ரன். காதலிக்கிற ஆளோட படம் எடுக்க நிக்கிற பொம்பிளை, குறைஞ்சது ஏப்ரனையாவது கழட்டுவாள்."

ஜெயந்தன் மறுபடி பார்த்தான். பூட்ஸ் பளபளவென்று ஈரமாக இருந்தன. அந்தப் பெண்மணிகள் ஒவ்வொருவரும் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதும் இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மரியாதை கொஞ்சம் இறங்கியது.

பேர்ணடெற் படங்களை இரண்டு குவியலாகப் பிரித்தார். பெரிய குவியலில் துறைமுகம், காலைச் சந்தை, சின்ன விடுதிகளின் வாசல். எல்லாவற்றிலும் சிரிப்பு, முதுகுக்குப் பின்னால் வலக்கை. சின்னக் குவியலில் மலை, மூங்கில், பாசி பிடித்த கற்படி, மரக்கோயில். அவற்றில் குலசிங்கம் பாஸ்போட் படத்துக்கு நிற்பவர்போல நின்றார். இரண்டு கைகளும் முன்னால். சிரிப்பு இல்லை.

"தம்பி, சின்னக் குவியலை எடு. மூலையிலை கமரா அடிச்ச திகதி இருக்கு, செம்மஞ்சள் எழுத்திலை. வாசி."

ஜெயந்தன் வாசித்தான். பேர்ணடெற் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய மளிகைக்கடைக் கலண்டரில், வேலும் மயிலும் படத்துக்குக் கீழே, ஒவ்வொரு திகதியாக விரல் வைத்தார். விரல் ஒவ்வொரு முறையும் ஒரே நிரலில் போய் நின்றது. பிறகு பெரிய குவியல். அதில் ஒரு படம்கூட அந்த நிரலில் விழவில்லை.

பேர்ணடெற் தேநீர்க் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று இராஜேஸ்வரி நினைத்திருக்கலாம். ஜெயந்தனுக்கு அந்தக் குலுக்கல் தெரியும்.

"இப்ப அண்ணை எங்கை?"

"நடக்கப் போயிட்டார். டொக்டர் நடக்கச் சொன்னவராம். இவ்வளவு றோட்டும் இருக்க, ஸ்காபரோ பிளவ்ஸிலை வாவிக் கரைக்குப் போய்த்தான் நடப்பாராம். இந்தக் குளிருக்கை."

"ஒவ்வொரு நாளுமோ?"

"வெள்ளிக்கிழமையைத் தவிர. வெள்ளி கோவில்."

பேர்ணடெற் கோட்டை எடுத்து மாட்டினார். "ஐஞ்சு மணிக்கு முதல் ஆளைக் கொண்டந்து உங்களுக்கு முன்னாலை நிப்பாட்டுறன். பெட்டியை மட்டும் காருக்கை ஏத்திப் போடாதையுங்கோ."

ஜெயந்தனின் பழைய கொரோலா இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை மனமிரங்கியது. "எனக்கும் ஒரு ஜப்பான்காரி இருக்கிறாள் அக்கா," என்றான் ஸ்ரியறிங்கைத் தட்டிக்கொடுத்து. "கெஞ்சினால்தான் அசைவாள். இப்ப சொல்லுங்கோ, அங்கிள் கடத்தல்காரனோ?"

"ரோட்டைப் பார்."

"உளவாளியோ? வலக்கையிலை ஏதும் கருவியோ?"

"சொன்னால் நீ சிரிப்பாய். சிரிச்சால் பிறேக்கை மறப்பாய். ஓட்டு."

பிளவ்ஸ் பூங்காவின் கார்த் தரிப்பிடம் வெறிச்சோடிக் கிடந்தது. கோடையில் இந்த இடத்தில் தமிழ் ஆட்களின் இறைச்சி வாட்டும் புகை வெள்ளைப் பாறைகளை மறைக்கும். நவம்பரில் ஒரு குருவி இல்லை. குருவி இல்லை என்று ஜெயந்தன் நினைத்தது பிழை என்பது அடுத்த வளைவில் தெரிந்தது.

வாவி ஓரமாக, ஒரே ஒரு பச்சை நிறக் கார் நின்றது. அதற்கு மேலே, கீழே, சுற்றிவர, கூரையில், பொனெற்றில், கடற்பறவைகள். ரொறன்ரோவில் உள்ள அத்தனை கடற்பறவைகளும் கூட்டம் வைத்ததுபோல.

"அக்கா, அந்தக் காருக்கு என்ன நடக்குது?"

"துப்பு," என்றார் பேர்ணடெற். "இவ்வளவு துப்பு செட்டையோட வந்து நான் இண்டைக்குத்தான் காணுறன். மெல்லமா நிப்பாட்டு."

காருக்கு அப்பால் ஒரு மரவாங்கு. அதில் தொப்பி, கையுறை, கம்பளிச் சால்வை சகிதம் முதுகைக் காட்டியபடி ஒரு மனிதர். முன்னால் சின்னக் காஸ் அடுப்பு. அதன்மேல் கம்பி வலை. வலையிலிருந்து வந்த புகை காற்றில் சுழன்று ஜெயந்தனின் மூக்கைத் தொட்டது. மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த மூக்கு அது. ஏமாறாது.

"அக்கா," அவன் குரல் இறங்கியது. "உது மீன்."

"ஓம்."

"அங்கிள் சைவம்."

"ஓம்."

"அக்கா, உது கருவாடு. நல்ல கருவாடு."

காலடிச் சத்தம் கேட்ட குலசிங்கம் திரும்பினார். தமிழ் முகங்களைக் கண்டதும் வலக்கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போனது. பழகிப்போன கை. அதில் இருந்த துண்டை ஒரு பறவை பின்னாலிருந்து சாவகாசமாகப் பறித்துக்கொண்டு போனது.

"வணக்கம் அண்ணை," என்றார் பேர்ணடெற். "நடந்து களைச்சுப்போனியள் போல."

குலசிங்கம் வாயைத் துடைத்தார். "இது... ஒரு சினேகிதன்... ஜப்பான் கத்தரிக்காய்."

"முள் இருக்கிற கத்தரிக்காய்," என்றான் ஜெயந்தன். "வாலும் இருக்கு."

பேர்ணடெற் தன்னை அறிமுகப்படுத்தினார். யார் அனுப்பியது என்று சொன்னார். குலசிங்கத்தின் முகத்தில் எஞ்சியிருந்த கொஞ்ச நிறமும் போய்விட்டது.

"எப்பிடிக் கண்டுபிடிச்சியள்?"

"சுத்த சைவக்காரனுக்கு ஏழு நாளும் ஒரே நாள் அண்ணை. வெள்ளிக்கிழமையை வேறையா எண்ணுறவன் மற்ற நாளிலை என்னவோ சாப்பிடுறான். உங்கட படத்திலை மலைக்கோயில் முழுக்க வெள்ளி. துறைமுகம் முழுக்க மற்ற நாள். வெள்ளியிலை கை வெறுமை, முகமும் வெறுமை. மற்ற நாளிலை கை பின்னாலை, பல் முன்னாலை."

குலசிங்கம் வாங்கில் சரிந்து உட்கார்ந்தார். பிறகு, பிடிபட்டவனுக்கு வரும் ஒரு விநோதமான நிம்மதியோடு, சொல்லத் தொடங்கினார். அடுப்பில் கிடந்ததை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை ஜெயந்தனிடம் நீட்டினார். ஜெயந்தன் சாட்சியத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

"முதல்முறை கொம்பனி அனுப்பேக்கை ஞாயிற்றுக்கிழமை லீவு. றெயின் மாறி ஏறி, ரெண்டு பெட்டி ஓடுற ஒரு குட்டி றெயினிலை போய், கடைசி ஸ்ரேசனிலை இறங்கினன். ஊர் முழுக்க ஒரு மணம். மாசிக் கருவாடு, தம்பி. எங்கட மாசி. விறகுக் கட்டை மாதிரிக் காயவைச்சு, சீவல் சீவலாச் சீவி, தண்ணிச் சோறெண்டாலும் அதுக்கு மேலை தூவுறாங்கள். ரோட்டிலை நிண்டு எனக்குக் கண் கலங்கிப்போச்சு. ஒரு விடுதிக்காரி ஏதோ சுகமில்லையாக்கும் எண்டு உள்ளை கூப்பிட்டு, சுட்ட மீனும் சோறும் தந்தா. நான் என்ன செய்யிறது?"

"அடுத்த வருஷம் திரும்பவும் போனது."

"போனன். நோத்தோவிலை காலைச் சந்தை. கிழவியள் நிலத்திலை குந்தியிருந்து விக்கினம், வாங்காட்டில் பேசுவினம். ஷிமானேயிலை ஒரு வாவி, அதிலை மட்டி எடுத்துச் சூப் வைப்பினம், விடியக்காலமை. பனி கொட்டேக்கை ஒரு கிண்ணம் குடிச்சுப் பாருங்கோ. ரோக்கியோவிலையும் மீன் இருக்குத்தான். ஆனால் அங்கை தமிழ் ஆக்களும் இருக்கினம். கியோற்றோவிலை ரூறிஸ்ற் பஸ்ஸுக்குள்ளை இருந்து ஆர் இறங்குவினம் எண்டு ஆருக்குத் தெரியும்? ரொறன்ரோவிலை நான் மீன்கடை வாசல் மிதிச்சால், காசு குடுத்து வெளியிலை வரமுன்னம் மில்லிக்கனுக்குச் செய்தி போயிடும். ஒரு தமிழ்க் கண்ணும் இல்லாத ஊராத் தேடித் தேடித்தான் போனன். உலகம் எனக்கு ஊர் சுத்திற பைத்தியம் எண்டு பேர் வைச்சது."

"இராஜேஸ்வரி அக்கா உங்களுக்கு வேறை பேர் வைச்சிட்டா. ஜப்பானிலை பொம்பிளை இருக்காம். ஐஞ்சு மணிக்குப் பிறம்ரனுக்குப் போறா, திரும்பி வாறேல்லை எண்டு."

குலசிங்கம் நிமிர்ந்தார். கண்ணில் திடீரென்று ஒரு வெளிச்சம். ஜெயந்தன் எதிர்பார்த்தது அழுகை. வந்தது பேரம்.

"அப்பிடியே இருக்கட்டும்."

"என்ன?"

"பொம்பிளை எண்டே சொல்லுங்கோ தங்கச்சி. ஒருத்திதான் எண்டு சொல்லுங்கோ, முடிஞ்சுபோச்சு எண்டு சொல்லுங்கோ. நான் காலிலை விழுந்து மன்னிப்புக் கேப்பன். அழுவாள், கத்துவாள், ஒரு மாதம் பேசமாட்டாள். மன்னிப்பாள். மீன் எண்டு மட்டும் சொல்லாதையுங்கோ. அவள் தொட்ட சட்டியிலை சோறு திண்ட வாயாலை நான் மீன் திண்டதெண்டால், அது மன்னிக்கேலாது."

ஜெயந்தனுக்கு விழுங்கியது பாதியில் நின்றது. ஆயிரம் வழக்கில் மனிதர்கள் பெண்ணை மறைக்க மீன்பிடிக்கப் போனதாகச் சொல்வார்கள். மீனை மறைக்கப் பெண்ணைக் கேட்ட முதல் மனிதர் இவர்தான்.

"இல்லாத பொம்பிளையை என்னாலை உண்டாக்கேலாது அண்ணை," என்றார் பேர்ணடெற். "பொய் மொழிபெயர்த்துக் குடுக்கிற வேலையை நான் எப்பவோ விட்டிட்டன். அடுப்பை அணையுங்கோ. நேரமில்லை."

திரும்பும் வழி முழுக்கக் குலசிங்கத்தின் கார் முன்னால் போனது, நாலு கண்ணாடியும் திறந்தபடி. மில்லிக்கன் வரைக்கும் ஒரு பறவை துரத்தியது.

வாசலில் மயூரியின் கார் நின்றது. டிக்கி திறந்திருந்தது. பெட்டி அதற்குள் ஏறிவிட்டது. இராஜேஸ்வரி முன்சீற்றுக் கதவில் கைவைத்தபடி நின்றார்.

"அம்மா, போறமோ இல்லையோ?" மயூரி ஸ்ரியறிங்கில் தாளம் போட்டாள். "ஹைவே ஜாம் ஆகப் போகுது."

குலசிங்கம் இறங்கினார். இருபது அடி தூரம் அந்த மனிதர் நடந்ததைப் பார்த்தால், சங்கிலி போட்டுக் கூட்டிக்கொண்டு போவதுபோல இருந்தது. ஒரு கணம் அவர் பேர்ணடெற்றைத் திரும்பிப் பார்த்தார். பேர்ணடெற் தலையை அசைக்கவில்லை.

"ராஜி, ஜப்பானிலை ஒருத்தியும் இல்லை."

"பின்னை?"

"மீன்."

மயூரி எஞ்சினை நிற்பாட்டினாள்.

"நான் மீன் திண்டனான். அங்கை. இப்ப இஞ்சையும், வாவிக் கரையிலை. கலியாணத்துக்கு முன்னம் எங்கட வீட்டிலை வெள்ளி தவிர எல்லா நாளும் மீன்தான். உனக்காகத்தான் விட்டனான். பொம்பிளை வீடு பரம்பரைச் சைவம், மீன் மணம் பட்டாலே பிள்ளை மயங்கி விழுந்திடும், மாப்பிள்ளை இனித் தொடப்படாது எண்டு புறோக்கர் நவரட்ணத்தார் சத்தியம் வாங்கினவர். இருபத்திமூண்டு வருஷம் காப்பாத்தினன். பிறகு ஏலாமல் போச்சு. போறதெண்டால் போ. ஆனால் பொம்பிளைக்காகப் போகாதை."

இராஜேஸ்வரி அவருக்குக் கிட்ட வந்தார். சால்வையின் நுனியைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். மயங்கி விழவில்லை. கண்ணை மூடி, ஒரு முறை, ஆழமாக, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். உடனே விடவுமில்லை.

பேர்ணடெற்றின் புருவம் மெல்ல உயர்ந்தது. இது அவரும் எதிர்பாராதது என்று ஜெயந்தனுக்கு விளங்கியது.

"ஆர் புறோக்கர் எண்டனீங்கள்?"

"நவரட்ணத்தார்."

"எங்கட வீட்டுக்கும் அவர்தானே வந்தவர்." இராஜேஸ்வரியின் குரல் முதல் தடவையாக நடுங்கியது. கோபமா, சிரிப்பா என்று அவருக்கே தெரியாத நடுக்கம். "மாப்பிள்ளை வீட்டிலை முட்டை உடைச்ச சட்டிகூட இல்லை, பிள்ளையைப் பழக்கி அனுப்புங்கோ எண்டு எங்கட அம்மாவுக்குச் சொன்னவர். கலியாணத்துக்குத் தாலிப் பொன்னுருக்கிறதுக்கு முதல்நாள், அடுத்த நாளிலை இருந்து வீடு சைவம் எண்டு, குசினிக் கதவைச் சாத்திப்போட்டு ஒரு தட்டுச் சூடை மீன் பொரியலை அழுதழுது சாப்பிட்டனான். அதுதான் நான் கடைசியாத் திண்ட மீன்."